கண்ணாடியில் படித்த பேச்சு

என் வீட்டுக்காரர் முடி வெட்டுகிறவர். ஜெலுத்தோங் பசார் சந்தைக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை, ஒரே ஒரு நாற்காலி, சுவர் நிறைய ஒரு கண்ணாடி. முடி வெட்டுகிறவர் என்று சொன்னால் பாதிதான் உண்மை. பேசுகிறவர், கூடவே முடியும் வெட்டுவார் என்று சொல்ல வேண்டும். தமிழில் பேசுவார், மலாயில் பேசுவார், சீனக் கிழவர் வந்து உட்கார்ந்தால் அரைகுறை ஹொக்கியன் சீனத்தில் அவர் மருமகளைப் பற்றி விசாரிப்பார். இருபது நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் எடுப்பார். அதற்காக யாரும் கோபித்துக்கொண்டு போனதில்லை.

கோபித்துக்கொண்டவள் நான் ஒருத்திதான். பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் டெக்னீஷியனாக இருந்தேன். பலகை பலகையாக வரும் சர்க்யூட்டுகளைச் சோதித்து, செத்தது எது, பிழைத்தது எது என்று பிரிப்பது என் வேலை. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் காதுக்குள் மிஷின் சத்தம் ஓயாது. அப்போதுதான் இவர் கடைக் கதையை ஆரம்பிப்பார். “என்னங்க, கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன், மண்டை வெடிக்குது” என்பேன். இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் இதை எத்தனை தடவை சொன்னேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இவருக்குத் தொண்டையில் கட்டி என்றார்கள். குரல் வரும் இடத்தையே எடுத்துவிட வேண்டும், எடுத்தால் உயிர் தங்கும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் இவர் கட்டிலில் உட்கார்ந்து ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். பாதி முடி வெட்டிக்கொண்டிருந்த ஆள் ஒருவன் எழுந்து ஓடிவிட்டான் என்று ஆரம்பித்தது மட்டும் நினைவிருக்கிறது. நான் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே ‘ம்’ கொட்டினேன். நடுவில் ஆஸ்பத்திரி அட்டையைக் காணோம் என்று எழுந்து தேடப் போய்விட்டேன். அவர் தன் குரலில் சொன்ன கடைசிக் கதை அது. நான் கேட்கவில்லை. அதற்காக என்னை நானே திட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

உயிர் தங்கியது. கழுத்தின் அடியில் ஓர் ஓட்டை, அதன் வழியாக மூச்சு. முடித்தூள் உள்ளே போகாமல் அதன்மேல் மெல்லிய துணி கட்டிக்கொண்டு மூன்றாம் மாதம் கடையைத் திறந்தார். தாடைக்குக் கீழே வைத்துப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதை வைத்து முதல் ஆளிடம் “வாங்க” என்றார். ஈ மொய்க்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நாற்காலியில் இருந்த அந்த ஆளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கே கருவி மேசை டிராயருக்குள் போய்விட்டது.

சரி, கைப்பேசி இருக்கிறதே என்று, அடித்ததை அது தமிழில் வாசிக்கிற மாதிரி வைத்துக் கொடுத்தேன். ஒரு பெண் குரல், செய்தி வாசிக்கிற மாதிரி, ‘தலையைச் சற்றுக் குனியவும்’ என்றது. இவர் அதை என்னிடம் நீட்டிவிட்டு, வைத்திருந்த சிலேட்டில் எழுதினார்: “இவ யாரு? என் கடைல இவளுக்கு என்ன வேலை?”

சிலேட்டு வீட்டுக்குச் சரி. கடையில் அது எடுபடவில்லை. ஒரு கையில் சீப்பு, ஒரு கையில் கத்தரி. நிறுத்திவிட்டு எழுதினால் வேலை நின்றது. எழுதிக் காட்டினாலும் பாதிப் பேருக்கு வயசாகிவிட்டது, நாற்காலியில் உட்காரும்போதே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிடுவார்கள். இவர் எழுதியது அவர்களுக்குத் தெரியாது. மூன்று தடவை ‘என்ன, என்ன’ என்று கேட்டுவிட்டு அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். கடைக்குள் கத்தரி சத்தமும் மேலே ஃபேன் சத்தமும்தான் மிச்சம்.

ஒருநாள் கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது சிலேட்டைத் தள்ளினார். “மாசக் கடைசில தவுக்கேகிட்ட சாவியைக் கொடுத்துடப் போறேன்.” தவுக்கே என்றால் கடைக்குச் சொந்தக்காரர்.

“ஏன்? கை நல்லாத்தானே இருக்கு?”

“முடி எவன் வேணும்னாலும் வெட்டுவான்” என்று எழுதிவிட்டு சிலேட்டைக் குப்புறக் கவிழ்த்தார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! கையில் இருந்த கோப்பிக் குவளையை டொம்மென்று வைத்தேன். உயிரைக் காப்பாற்றிக் கூட்டிக்கொண்டு வந்தது வீட்டில் மூலையில் உட்கார வைக்கவா? ஆனால் அவர் எழுதியது சரி என்றும் தெரிந்தது. அந்த நாற்காலியில் உட்காருகிறவர்கள் முடிக்காக மட்டும் வரவில்லை. மாசக் கடைசிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

ஃபேக்டரியிலிருந்து விலகி வீட்டோடு இருந்த காலம் அது. அலமாரியில் பழைய சாமான் டப்பா ஒன்று இருந்தது. உள்ளே தீப்பெட்டி அளவு மைக்ரோகண்ட்ரோலர் பலகை ஒன்று, மெமரி கார்டு செருகும் குட்டிப் பலகை ஒன்று, நாலு வரி காட்டும் பச்சை எல்சிடி திரை ஒன்று. என் யோசனை இதுதான். அவர் பேச நினைப்பதை நான் கம்ப்யூட்டரில் டெக்ஸ்ட் ஃபைலாக அடித்து மெமரி கார்டில் போட்டுவிடுவேன். கார்டைச் செருகினால் திரையில் ஒவ்வொரு வரியாக வரும். பட்டனைத் தட்டினால் அடுத்த வரி. புதுப் பேச்சு வேண்டுமா, கார்டைக் கழற்றி ஃபைலை மாற்றினால் போதும், புரோகிராமைத் தொடவே வேண்டாம். ஆளுக்கு ஒரு ஃபைல். சீனக் கிழவருக்கு ஒன்று, பசாரில் மீன் விற்கிற மலாய்க்காரருக்கு ஒன்று.

அந்தத் திரைக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கொம்பும் காலும் சேர்த்துப் போட அதற்கு வராது. அதனால் எல்லாரும் வாட்ஸ்அப்பில் அடிக்கிற மாதிரி ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தேன். கார்டும் முதலில் முரண்டு பிடித்தது. ஃபைல் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டினால் கண்டுகொள்ளாது. ஒவ்வொரு கஸ்டமருக்கும் எட்டெழுத்தில் பெயர் வைத்துக் கொடுத்தேன். கேட்டது.

“சுவத்துல, கண்ணாடிக்குக் கீழ மாட்டிடறேன். உட்காருறவங்க நேரா பார்ப்பாங்க” என்றேன்.

தலையை இல்லை என்று ஆட்டிவிட்டு எழுதினார்: “சுவத்துலேர்ந்து வந்தா நோட்டீஸ் போர்டு. பேச்சு என்கிட்டேர்ந்து வரணும்.” எழுதிவிட்டுத் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

சரி, ஐயா சொன்னால் சொன்னதுதான். அவருடைய ஏப்ரனில் நெஞ்சுக்கு நேராகத் திரையைத் தைத்தேன். பேட்டரி பைக்குள். பட்டன் இடுப்புப் பக்கம், போகிற போக்கில் மணிக்கட்டால் தட்டுகிற மாதிரி. வீட்டில் மேசைக்கு அந்தப் பக்கம் அவரை நிற்க வைத்து, இந்தப் பக்கம் நான் நின்று சோதித்தேன். ஒரு வரி பிசகவில்லை. ஃபேக்டரியில் வாங்கிய பழைய பாராட்டெல்லாம் நினைவுக்கு வந்து கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

மறுநாள் காலையில் கடை திறக்குமுன் நானே கஸ்டமராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் துணியைப் போர்த்தி எனக்குப் பின்னால் வந்து நின்றார். நான் கண்ணாடியைப் பார்த்தேன். பட்டனைத் தட்டினார். பச்சைத் திரையில் எழுத்து வந்தது. என்ன எழுத்து? வலது இடதாக, இடது வலதாக, ஒரு சொல் படிக்க முடியவில்லை.

“ஐயோ ராமா!” என்று கத்தினேன்.

முடி வெட்டுகிறவர் பின்னால் நிற்கிறார், வெட்டிக்கொள்கிறவர் கண்ணாடியில் அவரைப் பார்க்கிறார், கண்ணாடியில் எழுத்து திரும்பித் தெரியும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஒரு முடிவெட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு இத்தனை வருடம் வாழ்ந்தவளுக்கு, வாழ்க்கை முழுக்கச் சோதனை செய்தே சம்பளம் வாங்கியவளுக்கு, இது தோன்றவில்லை. நான் அந்த நாற்காலியில் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. அதுதான் காரணம்.

தலையில் அடித்துக்கொண்டு மறுபடி கண்ணாடியைப் பார்த்தால், பின்னால் இவர் தோள் குலுங்குகிறது. மூச்சுத் திணறுகிறதோ என்று துள்ளித் திரும்பினேன். சிரிக்கிறார்! சத்தம் இல்லை, கழுத்துத் துணி மட்டும் படபடக்கிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது, என்னைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நானும் போர்த்திய துணியோடு உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சிரித்து முடித்ததும் சிலேட்டை எடுத்து ‘ஆம்புலன்ஸ்’ என்று எழுதினார். எனக்கு விளங்கவில்லை. ரோட்டைக் காட்டினார், பஸ் ஓட்டுகிற மாதிரி கையால் ஸ்டீயரிங் பிடித்தார், தலைக்கு மேல் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி நிமிர்ந்தார். அப்போதுதான் விளங்கியது. ஆம்புலன்ஸ் முகப்பில் பெயரைத் திருப்பித்தானே எழுதியிருக்கும், முன்னால் போகிற டிரைவர் தன் கண்ணாடியில் நேராகப் படிக்க! இதை அவருக்குச் சொன்னவர் யார் என்றும் எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், எங்களுக்கு அண்ணன் மாதிரி, பதினைந்து நாளைக்கு ஒருமுறை சனிக்கிழமை வந்து உட்கார்ந்து இவரோடு சண்டை பிடித்துவிட்டுப் போவார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கடைப் பக்கமே வரவில்லை. இவர் அதைப் பற்றி எழுதியதே இல்லை, ஆனால் சனிக்கிழமைகளில் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

பச்சைத் திரையால் எழுத்தைத் திருப்ப முடியாது, எழுத்தின் வடிவம் அதற்குள்ளேயே பதிந்து கிடக்கிறது. புள்ளி புள்ளியாக வரைகிற கலர் திரை ஒன்று தருவித்தேன். வந்து சேர ஐந்து நாள். அதில் ஒரே ஒரு கட்டளை, முழுப் படமும் வலமிடமாகத் திரும்பிவிடும். மூக்குக்கண்ணாடி இல்லாதவருக்கும் தெரிகிற மாதிரி எழுத்தைப் பெரிதாக்கினேன். இப்போது நேருக்கு நேர் நின்று பார்த்தால் ஒன்றும் புரியாது. கண்ணாடியில்தான் படிக்க முடியும்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. காலையில் கோப்பியோடு இவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார், நான் அடிப்பேன். பிறகு கடைக்குப் போய் நான் நாற்காலியில் உட்கார்ந்து எல்லா ஃபைலையும் கண்ணாடியில் ஒரு தடவை படித்துச் சோதிப்பேன். அப்புறம்தான் கடை திறக்கும். மீன்காரர் முதல் நாள் தன் பெயரைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு “அலாமாக்!” என்று துள்ளினார். சீனக் கிழவர் மருமகளைப் பற்றித் தானாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார். கடையில் மறுபடி சத்தம் வந்தது. ஆனால் சாவியைப் பற்றிக் கேட்டால் மட்டும் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பஸ் அண்ணனை நான் பசாரில் பிடித்தேன். கையில் கங்கோங் கீரை, தலையில் எவனோ அரைகுறையாக வெட்டிய முடி.

“என்ன அண்ணே, எங்களையெல்லாம் மறந்தாச்சா? எந்தக் கடைல இந்தக் கோலம்?”

“அதில்லம்மா...” என்று இழுத்தார். “அவன் பேசாம பின்னால நின்னா என்னால தாங்க முடியாது லா. வரணும்னுதான் நினைக்கிறேன், கால் வர மாட்டேங்குது.”

“சனிக்கிழமை வாங்க. வரலன்னா நான் ஃபிளாட்டுக்கு வந்து இழுத்துக்கிட்டுப் போவேன்” என்றேன். சொன்னால் செய்வேன் என்று அவருக்குத் தெரியும்.

இவரிடம் சொன்னதும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் எழுதினார். அடிக்கும்போது எனக்குச் சந்தேகம். “அவர் என்ன பேசுவார்னு தெரியாம, நீங்க பதிலை முன்கூட்டியே எழுதி வச்சா எப்படிங்க பொருந்தும்?”

“பொருந்தும்” என்று எழுதினார்.

சனிக்கிழமை பஸ் அண்ணன் வந்தார். யாரையும் பார்க்காமல் நேரே நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நான் ஓரத்துப் பெஞ்சில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். இவர் துணியைப் போர்த்திவிட்டுப் பட்டனைத் தட்டினார்.

‘வாங்க. யாரு இது, புது ஆளா?’

அண்ணன் கண்ணைச் சுருக்கிப் படித்தார். படித்ததும் வாய் கோணியது. “அட போப்பா, கிண்டல் பண்ணாதே” என்றார்.

‘இந்த மண்டையை எந்தப் பாவி இப்படிப் பண்ணினான்?’

“சும்மா, வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கடை...”

‘பொய். ஏசி கடைக்குத்தானே போனீங்க?’

அண்ணன் அதிர்ந்து போய் என்னைப் பார்த்தார். நான் பேப்பரை இன்னும் மேலே தூக்கிக்கொண்டேன். இவர் சீப்பை ஓட்டினார், கத்தரி பேச ஆரம்பித்தது. அண்ணனுக்கும் வாய் திறந்தது. போன வாரம் பாலிக் புலாவ் போனதாகவும், அங்கே டுரியான் பழம்...

‘ஆரம்பிச்சிட்டீங்களா!’ என்றது கண்ணாடி. ‘எங்க நிபோங் திபால் டுரியான் கிட்ட அது நிக்குமா?’

“அடேய், நீ சொல்ற அந்த மரத்தை இருபது வருஷமா எனக்குக் காட்டவே இல்லையே!”

‘மரத்தை வெட்டிட்டாங்க அண்ணே.’

அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். அடேங்கப்பா, ஒரு வரி மாறவில்லை! இரண்டு பேரும் இத்தனை வருடமும் ஒரே சண்டையைத்தான் போட்டிருக்கிறார்கள். நான் கேட்டிருந்தால் எனக்கும் மனப்பாடம் ஆகியிருக்கும்.

சிரிப்பு அடங்கியதும் அண்ணன் மடியில் இருந்த மூக்குக்கண்ணாடியைத் தடவினார். குரல் இறங்கியது. “தம்பி, நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்டா. வார்டு வாசல் வரைக்கும் வந்தேன். உன்னைப் பார்க்கப் பயமா இருந்துச்சு. திரும்பிப் போயிட்டேன். மன்னிச்சிடு.”

இது நோட்டுப் புத்தகத்தில் இல்லை. நான்தானே அடித்தேன், எனக்குத் தெரியும். இவர் மணிக்கட்டு பட்டனுக்கு மேலே அப்படியே நின்றது. சிலேட்டு மேசையில் கிடந்தது, அதை எடுக்கவும் இல்லை. என்ன நினைத்தாரோ, தட்டிவிட்டார்.

‘சரி சரி. தலையைக் குனிங்க.’

பின்கழுத்து முடியை வழிக்க வேண்டி எழுதி வைத்த வரி அது, எல்லாருடைய ஃபைலிலும் இருக்கும். அண்ணன் தலையைக் குனிந்தார். குனிந்த தலை ரொம்ப நேரம் நிமிரவில்லை. துணியின் மேல் சொட்டு சொட்டாக விழுந்தது. இவர் கத்தரியை வைத்துவிட்டு அந்தத் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து வெளியே போய், மூக்கைச் சிந்திவிட்டு, ரோட்டில் போகிற மோட்டார்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசக் கடைசி வந்தது. அன்றைக்குக் காலையில் அவர் நோட்டுப் புத்தகத்தைத் தரவில்லை. கோப்பி குடித்தார், சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார், ஏப்ரனைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். தவுக்கே வீட்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். பின்னாலேயே போனேன். கடைக்குத்தான் போனார். திறந்தார், ஃபேனைப் போட்டார், ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நாற்காலியைக் காட்டினார்.

உட்கார்ந்தேன். வழக்கம்போலத் துணியைப் போர்த்தினார். மீன்காரர் ஃபைல் வரும் என்று கண்ணாடியைப் பார்த்தேன். நான் அடிக்காத எழுத்து வந்தது. முந்தின நாள் நான் குளிக்கப் போன நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இவர் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு விரலால் தானே அடித்திருக்கிறார், நிறையப் பிழையோடு.

‘சாவி என்கிட்டயே இருக்கட்டும்.’

நான் அவர் பக்கம் திரும்பப் போனேன். தோளைப் பிடித்து நேராக உட்கார வைத்தார். திரும்பினால் படிக்க முடியாதே. தட்டினார்.

‘நீ தினமும் வந்து இதுல உட்காரணும்.’

‘நான் பேசறதை நீ உட்கார்ந்து கேக்கறது இப்பத்தான்.’

கண்ணாடியில் அவர் முகமும் தெரிந்தது. குறும்பாகத்தான் இருந்தது, குற்றம் சொல்கிற முகமில்லை. மறுபடி தட்டினார்.

‘ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் ஒரு கதை சொன்னேன்.’

‘பாதி முடி வெட்டினதும் ஒருத்தன் எழுந்து ஓடிட்டான்.’

‘ஏன் ஓடினான்னு நீ கேக்கவே இல்லை.’

மணிக்கட்டு மறுபடி இடுப்புப் பக்கம் போனது. எழுத்தெல்லாம் கரைந்து ஒன்றும் தெரியவில்லை எனக்கு. “இருங்க, அழுத்தாதீங்க, இருங்க” என்று போர்த்திய துணியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துணியில் ஒட்டியிருந்த முடித்தூள் கண்ணில் பட்டு இன்னும் எரிந்தது. அவர் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். நான் கண்ணாடியில் அவரை நேராகப் பார்த்தேன்.

“ஏங்க ஓடினான்?” என்று கேட்டேன்.